பழைய கார்களின் முன்பக்கச் சட்டகம்: எந்தப் பாகத்துக்கு என்ன பெயர்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

'ஃபிரண்ட் கிளிப் விற்பனைக்கு' என்ற ஒரு வரியை நம்பிப் பணம் அனுப்பினால், வந்து இறங்குவது மட்கார்டும் பானெட்டும் கிரில்லுமாக இருக்கலாம். இரும்புத் தண்டுகளும் சஸ்பென்ஷனும் எஞ்சின் தாங்கிகளுமாக இருக்கலாம். கண்ணாடித் தூண்வரை அறுத்தெடுத்த பாதிக் காராகவும் இருக்கலாம். மூன்றையும் அதே பெயரால் அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவரவர் தொழில் வழக்குப்படி மூவர் பேசுவதும் சரிதான். பணம் கொடுத்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

பழைய கார்களின் முன்பக்கச் சட்டகம் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 1930களிலிருந்து 1970கள்வரை வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் கார்களே இதில் அதிகம் வரும். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை அந்தக் கார்களைப் பழுதுபார்த்த பட்டறைகளில் புழங்கியவை.

சப்ஃபிரேம், கிளிப், ஸ்டப்: மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. மூன்றும் காரின் ஒரே பகுதியைக் குறிக்கலாம். ஆனால் அந்த இரும்பு எப்படி உருவானது, எப்படிப் பிரிந்து வந்தது என்பதில் வேறுபடுகின்றன.

சப்ஃபிரேம் என்பது தொழிற்சாலையிலேயே தனிப் பாகமாகச் செய்யப்பட்டு, போல்ட் போட்டு உடலோடு இணைக்கப்பட்டது. பெரும்பாலும் இடையில் ரப்பர் புஷ் இருக்கும். ஸ்பேனரும் தாங்கு கட்டைகளும் இருந்தால் முழுதாகக் கழற்றி இறக்கிவிடலாம். அதற்குத் திட்டமான தொடக்கமும் முடிவும் உண்டு.

கிளிப் என்பது அறுத்தெடுத்த துண்டு. முழு நீளச் சட்டகத்தையோ உடலையோ குறுக்கே வெட்டிப் பிரித்தது. அதற்கு இயல்பான எல்லை கிடையாது. வெட்டியவர் எங்கே சாக்பீஸ் கோடு போட்டாரோ அங்கேதான் அது முடிகிறது. அதனால்தான் ஒரே மாதிரிக் காரிலிருந்து வந்த இரண்டு கிளிப்புகளின் நீளம்கூட ஒத்துப்போவதில்லை.

ஸ்டப் என்பது மூன்றிலும் தளர்வான சொல். ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவருக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைச் சட்டகம் என்று பொருள் கொள்ளலாம். இன்றைய விளம்பரங்களில் இந்தச் சொல் வந்தால், பெரும்பாலும் புதிதாகக் குழாயிலோ தகட்டிலோ செய்து விற்கும் மாற்றுச் சட்டகத்தைத்தான் குறிக்கிறது. பழைய காரிலிருந்து கழற்றிய அசல் பாகத்தை ஸ்டப் என்று ஒருவர் சொன்னால், நான் படம் கேட்பேன்.

ஒரு நல்ல சோதனை உண்டு. 1968ஆம் ஆண்டு செவர்லே கமாரோவின் முன்சட்டகத்தை போல்ட் கழற்றி எடுத்தால் அது சப்ஃபிரேம். அதையே பின்பக்கம் அறுத்து, ஒரு பழைய பிக்கப்பின் சட்டகத்தோடு வெல்டிங் செய்துவிட்டால், அந்த பிக்கப்பில் அது கிளிப். இரும்பு அதே இரும்புதான். சொல்பவர் எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியாமல் பெயர் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் 'ஃபிரண்ட் கிளிப்' என்றால் எதைத்தான் எடுத்துக்கொள்வது?

மூன்று வழக்குகள் இருக்கின்றன.

பழைய கார்களை மாற்றியமைப்பவர்களிடம் கிளிப் என்றால் சட்டகம்: பக்கத் தண்டுகள், குறுக்குத் தண்டு, சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் மேல் கீழ்க் கட்டுப்பாட்டுக் கைகள், ஸ்பிரிங், ஸ்டீயரிங் பெட்டி, பிரேக். 1940களின் கார்களிலும் 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே பிக்கப்புகளிலும் கனமான நேர் ஆக்ஸிலை நீக்கிவிட்டு, கமாரோ அல்லது நோவாவின் முன்பகுதியை ஒட்டவைப்பது ஒரு காலத்தில் பரவலான வேலை. ஒரே வெட்டில் தனித்தனியாக அசையும் முன்சக்கரங்களும் டிஸ்க் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கிடைத்துவிடும், அதுதான் ஈர்ப்பு. 'கிளிப் செய்த வண்டி' என்றால் இந்த அறுவைச் சிகிச்சைக்கு ஆளான வண்டி.

விபத்துக் கார்களைச் சரிசெய்யும் பட்டறைகளிலும் உடைசல் கிடங்குகளிலும் கிளிப் என்றால் முகப்பு: இரண்டு மட்கார்டு, பானெட், கிரில், பம்பர், விளக்குகள், ரேடியேட்டர் தாங்கி. அதில் சட்டகம் துளியும் இல்லாமல் இருக்கலாம்.

ஜப்பானிய கார்களின் பழைய எஞ்சின் வணிகத்தில் கண்ணாடித் தூண்வரை அறுத்தெடுத்த பாதிக் காருக்கு 'நோஸ் கட்', 'ஃபிரண்ட் கட்', 'ஹாஃப் கட்' என்ற பெயர்கள் வழங்குகின்றன. இதில் உடல், எஞ்சின், கியர்பெட்டி, வயரிங் எல்லாம் சேர்ந்தே வரும். சிலர் இதையும் கிளிப் என்றுவிடுகிறார்கள்.

ஆகவே கிளிப் என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள். 'சட்டக கிளிப்' என்றோ 'தகர முகப்பு மட்டும்' என்றோ ஒரு சொல்லை முன்னால் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

என் காரில் சப்ஃபிரேம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து படுக்க வேண்டும். மூன்று அமைப்புகள் உள்ளன.

முதலாவது, முழுச் சட்டகம். முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை ஓடும் இரும்புச் சட்டகத்தின் மேல் உடல் உட்கார்ந்திருக்கும். 1955 முதல் 1957 வரையிலான செவர்லே கார்கள், 1964 முதல் 1972 வரையிலான செவெல், கார்வெட் எல்லாம் இந்த வகை. இவற்றில் சப்ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. 'செவெல் சப்ஃபிரேம் வேண்டும்' என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது முழுச் சட்டகமா, அதன் முன்பாதியா, இல்லை குறுக்குத் தண்டு மட்டுமா என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஒற்றை உடல் அமைப்பு. உடலே சட்டகம். முன்பக்கத்தில் சட்டகம் போலத் தெரியும் இரண்டு பெட்டித் தண்டுகள் தரைத் தகட்டோடும் உள் மட்கார்டுகளோடும் ஸ்பாட் வெல்டிங்கால் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். 1960 மாடலாக வந்த ஃபோர்டு ஃபால்கனும் 1964இல் வந்த மஸ்டாங்கும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். இங்கே சரியான பெயர் முன்சட்டகத் தண்டு, அதாவது ஃபிரண்ட் ஃபிரேம் ரயில். கழற்ற முடியாது; வெல்டிங் புள்ளிகளைத் துளைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பயணிகள் அறையும் பின்பகுதியும் ஒற்றை உடல். முன்னால் மட்டும் போல்ட் போட்ட சட்டகம். 1967 முதல் 1981 வரையிலான இரண்டு தலைமுறை கமாரோவும் ஃபயர்பேர்டும், 1968 முதல் 1974 வரையிலான நோவாவும் இப்படித்தான். சப்ஃபிரேம் என்ற சொல்லை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லக்கூடிய இடம் இது. முதல் தலைமுறை கமாரோவில் ஃபயர்வால் அடியில் இரண்டு, தரைக்கு அடியில் இரண்டு, ரேடியேட்டர் தாங்கியில் இரண்டு என ஆறு இடங்களில் அது பிடிக்கப்பட்டிருக்கும். உடலோடு சதுரமாகப் பொருத்துவதற்கென்றே சட்டகத்திலும் உடலிலும் எதிரெதிராகச் சீரமைப்புத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் முளையைச் செருகிப் பார்க்காமல் போல்ட்டை இறுக்கினால், மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடைவெளி கடைசிவரை சரியாக வராது.

இந்த மூன்றிலும் அடங்காத ஒரு விசித்திரம் 1962 முதல் 1967 வரையிலான செவர்லே செவி டூ. அதுவும் ஒற்றை உடல்தான், ஆனால் அதன் முன்பகுதி முழுவதும் ஃபயர்வாலில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை சப்ஃபிரேம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள் மட்கார்டும் தண்டும் ஒரே கட்டாகச் சேர்ந்த அமைப்பு அது. இங்கேதான் ஸ்டப் என்ற சொல் ஓரளவு பொருந்துகிறது.

நோவாவும் கமாரோவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்கிறார்களே, பெயரில் ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டுமா?

ஆண்டைச் சொல்லியே ஆக வேண்டும். 1967 முதல் 1969 வரையிலான கமாரோவில் ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகள் முன்சக்கர மையக் கோட்டுக்குப் பின்னால் ஓடுகின்றன. இதை ரியர் ஸ்டீர் என்பார்கள். 1970 மாடலிலிருந்து அவை முன்னால் வந்துவிட்டன; அது ஃபிரண்ட் ஸ்டீர். நோவாவில் இதே மாற்றம் 1975இல்தான் வந்தது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டியின் வடிவம், எஞ்சின் எவ்வளவு பின்னால் உட்காரும் என்பது எல்லாம் இதைப் பொறுத்தவை. 'நோவா கிளிப்' என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று தெரியாது.

கிராஸ் மெம்பர் என்றால் என்ன? அதுவும் சப்ஃபிரேமும் ஒன்றா?

கிராஸ் மெம்பர் என்பது குறுக்குத் தண்டு: இடது, வலது பக்கத் தண்டுகளை இணைப்பது. ஒரு காரில் பல இருக்கும். முன்னால் இருப்பது சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் தாங்கும். கியர்பெட்டியின் பின்முனையைத் தாங்குவது வேறொன்று. எனவே 'கிராஸ் மெம்பர்' என்று மட்டும் சொல்வதும் போதாது. முன் குறுக்குத் தண்டா, கியர்பெட்டித் தண்டா என்று சொல்ல வேண்டும்.

சப்ஃபிரேமில் பக்கத் தண்டுகள் உண்டு. அதற்குள் குறுக்குத் தண்டும் அடங்கும். குறுக்குத் தண்டுக்கு அந்த நீளம் கிடையாது. எம்ஜிபி காரைப் பாருங்கள்: 1962இல் வந்த அந்த ஒற்றை உடல் காரில் முன் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரு குறுக்குத் தண்டில் தொங்குகிறது. அதை போல்ட் கழற்றிக் கட்டாக இறக்கலாம். கழற்ற முடிகிறது என்பதற்காக அதை சப்ஃபிரேம் என்று யாரும் சொல்வதில்லை.

கே-மெம்பர்?

இந்தச் சொல்லை வைத்து இரண்டு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் மணிக்கணக்கில் பேசலாம்.

1960களிலும் 70களிலும் வந்த டாட்ஜ், பிளிமத் கார்களில், எஞ்சினையும் ஸ்டீயரிங் பெட்டியையும் கீழ்க் கட்டுப்பாட்டுக் கைகளையும் தாங்கும் போல்ட் போட்ட முன் குறுக்குத் தண்டுதான் கே-மெம்பர். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து கே போலக் கைகள் விரியும். இவற்றைத் தயாரித்த கிறைஸ்லர் நிறுவனம் 1957 முதல் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகளைப் பயன்படுத்தியது. அந்தத் தண்டுகளின் பின்முனையைப் பிடித்திருப்பது இன்னொரு குறுக்குத் தண்டு. அதன் பெயர் டார்ஷன் பார் கிராஸ் மெம்பர். அதைக் கே-மெம்பரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1979 மாடலில் தொடங்கிய, ஃபாக்ஸ் என்ற அடித்தளத்தில் அமைந்த மஸ்டாங்கின் முன் குறுக்குத் தண்டுக்கும் கே-மெம்பர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் 1932 ஃபோர்டு வைத்திருப்பவரிடம் கே-மெம்பர் என்றால் அவர் காரின் நடுவைக் காட்டுவார். அந்த ஆண்டின் சட்டகத்தில் நடுக் குறுக்குத் தண்டு கே வடிவம் கொண்டது. 1933, 1934இல் அந்த இடத்தில் எக்ஸ் வடிவத் தண்டு வந்துவிட்டது.

எக்ஸ் என்றதும் இன்னொன்று: 1958 முதல் 1964 வரையிலான பெரிய செவர்லே கார்களை எக்ஸ் சட்டகக் கார்கள் என்பார்கள். அங்கே எக்ஸ் என்பது குறுக்குத் தண்டு மட்டும் அல்ல, முழுச் சட்டகமே. கதவுகளுக்கு அடியில் பக்கத் தண்டே கிடையாது. சட்டகம் இடுப்பில் குறுகி மீண்டும் விரிகிறது. 1965இல் அதன் இடத்துக்கு வந்தது சுற்றுச் சட்டகம், அதாவது பெரிமீட்டர் ஃபிரேம்.

'மஸ்டாங் டூ முன்பகுதி' போட்டிருக்கிறேன் என்கிறார்கள். அது கிளிப்பா?

கிளிப் அல்ல. 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் டூவின் சஸ்பென்ஷன் சிறியது, இலகுவானது, ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் கொண்டது. பழைய சட்டகத்தின் பக்கத் தண்டுகளை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் ஒரு புதிய குறுக்குத் தண்டை வெல்டிங் செய்து, அதில் அந்த வடிவமைப்பிலான கைகளையும் ஸ்டீயரிங்கையும் மாட்டுவதுதான் வழக்கம். இன்று இந்தப் பெயரில் விற்கும் பாகத் தொகுப்புகளில் அந்தக் காரிலிருந்து எடுத்த பாகம் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது சாதாரணம். பெயர் வடிவமைப்பைக் குறிக்கிறது, மூலத்தை அல்ல.

கிளிப் செய்வதைவிட எனக்கு இது பிடிக்கும். பம்பர் தாங்கிகள், ரேடியேட்டர் தாங்கி, மட்கார்டு துளைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கமாரோ கிளிப்பை ஒட்டினால் அவற்றில் பாதியைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதன் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பல பழைய கார்களுக்கு அதிகம். ஆனால் கனமான பிக்கப்புக்கு இது எல்லா நேரமும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். எடைக்கு ஏற்ற பாகங்களா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஃபிரேம் ஹார்ன் என்பது ஒலிப்பானைத் தாங்கும் பாகமா?

ஒலிப்பானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன் குறுக்குத் தண்டுக்கு முன்னால் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத் தண்டு முனைகள்தான் ஃபிரேம் ஹார்ன். பம்பர் தாங்கிகள் இதில்தான் மாட்டப்படும். மோதலில் முதலில் மடங்குவதும் இதுவே. பம்பரை நீக்கிவிட்டு இந்த முனைகளை வெட்டிக் குட்டையாக்குவதும் உண்டு.

பழைய பிரிட்டிஷ் கார்களில் இதற்கு நெருங்கிய உறவினர் டம்ப் அயர்ன். தகட்டு ஸ்பிரிங்கின் முன்முனையைப் பிடிக்க, வளைந்து முன்னால் நீளும் சேஸிஸ் முனை அது. ஸ்பிரிங்கைத் தாங்கினால்தான் டம்ப் அயர்ன். பம்பரை மட்டும் தாங்கினால் ஹார்ன். சீரீஸ் லேண்ட் ரோவரில் சேஸிஸ் நம்பர் பொறிக்கப்படும் இடம் வலது முன் டம்ப் அயர்ன் பகுதி. ஆகவே துருப்பிடித்துவிட்டது என்று அதை வெட்டி எறிவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

உள் மட்கார்டு, ஏப்ரன், ஷாக் டவர்: இவையெல்லாம் சட்டகமா, வெறும் தகரமா?

கார் எந்த அமைப்பு என்பதைப் பொறுத்தது. முழுச் சட்டகக் காரில் உள் மட்கார்டு வெறும் தகரம். கழற்றி எறிந்தாலும் கார் நிற்கும், ஓடும். மஸ்டாங் போன்ற ஒற்றை உடல் காரில் அது சட்டகத்தின் ஒரு பகுதி. ஃபோர்டு வழக்கில் அதன் பெயர் ஃபெண்டர் ஏப்ரன். அதன் நடுவில் கோபுரமாக எழும்பி ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்குவது ஷாக் டவர். முன்சக்கரத்தின் மேல் விழும் எடை முழுவதும் இந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. இரண்டு கோபுரங்களும் உள்நோக்கிச் சாய்வது அந்தக் கார்களுக்கே உரிய நோய். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே போடும் கம்பி மான்டி கார்லோ பார். கோபுரங்களை ஃபயர்வாலோடு சேர்த்துக் கட்டுவது எக்ஸ்போர்ட் பிரேஸ்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1960களின் மஸ்டாங்கில் காரின் அடையாள எண், ஓட்டுநர் பக்க ஏப்ரனின் மேல் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். 'முன் கிளிப்' மாற்றுகிறேன் என்று ஏப்ரனோடு சேர்த்து வெட்டினால், காரின் அடையாளமும் போய்விடும். வேறொரு காரின் எண் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு கார்களை வெட்டி ஒட்டி ஒன்றாக விற்பதற்கு பிரிட்டனில் 'கட் அண்ட் ஷட்' என்று பெயர். அது பாராட்டுச் சொல் அல்ல. ஏப்ரனைத் தொடுவதற்கு முன் படம் எடுங்கள், ஆவணம் செய்யுங்கள், உங்கள் ஊர்தி பதிவு அலுவலகத்தின் விதியைக் கேளுங்கள்.

கோர் சப்போர்ட்?

ரேடியேட்டர் தாங்கி. இரண்டு மட்கார்டுகளையும் முன்னால் இணைக்கும் செங்குத்துத் தகடு. சட்டகத்தில் சேராது, ஆனால் அது கோணலானால் முகப்பு முழுவதும் கோணலாகும்.

டாக்ஹவுஸ் என்று சிலர் சொல்வது?

நாய்க்கூண்டு என்ற பெயர் வந்தாலும் பொருள் முகப்புத் தகரங்கள்தான்: மட்கார்டுகள், கிரில், ரேடியேட்டர் தாங்கி, பானெட் எல்லாம் ஒன்றாகப் போல்ட் போட்டபடியே ஒரே கட்டாகத் தூக்கி எடுத்தால் அது டாக்ஹவுஸ். மேலே சொன்ன கிளிப் குழப்பத்துக்கு இது நல்ல மருந்து. தகரம் வேண்டும் என்றால் டாக்ஹவுஸ் என்று கேளுங்கள். யாரும் சட்டகத்தை அனுப்ப மாட்டார்கள். ஆனால் வேன் வைத்திருப்பவரிடம் கேட்காதீர்கள். அவர்களுக்கு டாக்ஹவுஸ் என்றால் இரு முன் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் எஞ்சின் மூடி.

மஸ்டாங்கில் சப்ஃபிரேமே இல்லை என்றால், அதற்கு 'சப்ஃபிரேம் கனெக்டர்' எப்படி விற்கிறார்கள்?

நியாயமான கேள்வி. கமாரோவில் அந்தப் பெயர் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது: முன் சப்ஃபிரேமின் பின்முனையையும், உடலோடு ஒட்டிய பின்தண்டையும் இணைக்கும் இரும்பு. மஸ்டாங்கில் இரண்டு முனையும் உடலோடு ஒட்டிய தண்டுகள்தான். வேலை ஒன்றே என்பதால் பெயரும் ஒட்டிக்கொண்டது. திருத்தப் போனால் கடைக்காரர் புரியாமல் பார்ப்பார்; இந்த ஒரு சொல்லில் நான் போராட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

டார்க் பாக்ஸ் என்பது எங்கே இருக்கிறது?

முன்தண்டுகள் ஃபயர்வாலுக்கு அடியில் வெளிப்பக்கமாகத் திரும்பி, கதவுக்கு அடியில் ஓடும் பகுதியோடு சேரும் மூலையில். அந்த மூலையைப் பெட்டியாக மூடி முறுக்கத்தைத் தாங்கச் செய்வதே டார்க் பாக்ஸ். சுற்றுச் சட்டகக் கார்களில் இது சட்டகத்தின் பகுதி. மஸ்டாங் போன்றவற்றில் கால் வைக்கும் தரைத் தகட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். முன்பாதியை வெட்டி மாற்றும்போது இதற்கு முன்னாலா, இதையும் சேர்த்தா என்பதுதான் முதலில் முடிவுசெய்ய வேண்டியது.

பிரிட்டிஷ் கையேடுகளில் வேறு சொற்கள் வருகின்றனவே?

ஆமாம், முன்பக்கத்தில் இந்த வேறுபாடு அதிகம். அமெரிக்கர் ஃபிரேம் என்பதை பிரிட்டிஷார் சேஸிஸ் என்பார்கள். ஃபிரேம் ரயில் அங்கே சேஸிஸ் லெக். ஃபயர்வால் அங்கே பல்க்ஹெட். ஃபெண்டர் அங்கே விங். உள் ஃபெண்டர் இன்னர் விங். கண்ணாடிக்கு முன்னால் உள்ள கவுல் அங்கே ஸ்கட்டில். கட்டுப்பாட்டுக் கை விஷ்போன். பானெட் பூட்டு வந்து அடிக்கும் முன்தகடு ஸ்லாம் பேனல். பம்பருக்கு அடியில் உள்ள தகரம் வேலன்ஸ். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள் அவுட்ரிகர். நாம் பானெட் என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கருக்கு அது ஹூட். பிரிட்டிஷ் கையேட்டில் ஹூட் என்று வந்தாலோ அது திறந்த காரின் துணிக் கூரை.

ஸ்டப் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் கையேட்டில் ஸ்டப் ஆக்ஸில் என்பது முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சு. அமெரிக்கர் அதை ஸ்பிண்டில் என்பார்கள். சட்டகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மினி, ஜாகுவார் ஈ-டைப், வோக்ஸ்வாகன் பீட்டில்: இவற்றுக்கும் இதே சொற்கள் பொருந்துமா?

மினிக்குப் பொருந்தும். 1959இல் வந்த அந்தக் காரில் முன்னும் பின்னும் உண்மையான சப்ஃபிரேம்கள் உள்ளன. முன்னால் உள்ளது எஞ்சின், கியர்பெட்டி, சஸ்பென்ஷன் மூன்றையும் தாங்குகிறது. முதலில் உடலோடு நேரடியாக போல்ட் போடப்பட்டிருந்தது, 1976 முதல் ரப்பர் தாங்கிகள் வந்தன. இரண்டின் பாகங்களையும் கலக்கக் கூடாது என்பதால், மினி சப்ஃபிரேம் கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈ-டைப் தனிக் கதை. 1961இல் வந்த அந்தக் காரின் நடு உடல் ஒற்றை உடல். அதன் பல்க்ஹெட்டிலிருந்து முன்னால் சதுரக் குழாய்களால் ஆன இடது, வலது எஞ்சின் சட்டகங்கள் போல்ட்டால் நீள்கின்றன. அவற்றின் முன்முனையில் படச் சட்டம் போன்ற ஒரு குறுக்குச் சட்டகம் இருக்கிறது. அதனால் அதற்குப் 'பிக்சர் ஃபிரேம்' என்றே பெயர். அதற்கும் முன்னால் பானெட்டைத் தாங்கும் இன்னொரு சட்டகம். 'ஈ-டைப் முன் சப்ஃபிரேம்' என்று கேட்டால் இவற்றில் எது என்று திருப்பிக் கேட்பார்கள்.

பீட்டிலில் பக்கத் தண்டு என்ற பேச்சே இல்லை. நடுவில் சுரங்கம் ஓடும் தரைத் தட்டு; அதன் முன்முனை ஃபிரேம் ஹெட். அதில் நான்கு போல்ட்டுகளில் முன் ஆக்ஸில் பீம் மாட்டப்படும். 1302, 1303 எனப்படும் சூப்பர் பீட்டிலில் பீம் போய், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் வந்ததால் ஃபிரேம் ஹெட்டும் வேறு. பெயர் ஒன்றே, பாகம் பொருந்தாது.

விற்பவரிடம் எப்படிக் கேட்டால் குழப்பம் வராது?

காரின் பெயர், ஆண்டு, எந்த இடம் முதல் எந்த இடம்வரை, போல்ட் கழற்றியதா வெட்டியதா, கூடவே என்னென்ன வருகிறது. இவ்வளவும் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: '1971 கமாரோவின் முன் சப்ஃபிரேம், வெட்டப்படாதது, நான்கு உடல் தாங்கி இடங்களும் முழுமையாக, கட்டுப்பாட்டுக் கைகளோடு, ஸ்டீயரிங் பெட்டி இல்லாமல்.' வெட்டிய துண்டாக இருந்தால் 'ஃபயர்வாலுக்குப் பின்னால் இத்தனை அங்குலத்தில் வெட்டியது' என்று அளவையும் கேளுங்கள். பின்முனையின் படம் தராமல் மழுப்புகிறார் என்றால், நான் அதை வாங்க மாட்டேன். துருவும் கோணல் வெட்டும் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

சட்டகம் 'அடிபட்டது' என்கிறார்கள். அதற்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டா?

உண்டு, மேலே உள்ள பெயர்களைவிட இவற்றில் தொழிலாளிகள் கண்டிப்பானவர்கள். முன்தண்டுகள் இரண்டும் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் ஸ்வே. ஃபயர்வால் பகுதியில் தண்டு கீழே தொய்ந்திருந்தால் ஸாக். தண்டு மடிந்து நீளம் குறைந்திருந்தால் மாஷ். ஒரு பக்கத் தண்டு முழுவதும் பின்னால் தள்ளப்பட்டுச் செவ்வகம் சாய்சதுரமாகிவிட்டால் டைமண்ட்; இது பெரும்பாலும் முழுச் சட்டகக் கார்களின் நோய். ஒரு மூலை மேலேயும் எதிர் மூலை கீழேயும் போயிருந்தால் ட்விஸ்ட்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை மூலைவிட்ட அளவு. இடது முன் துளையிலிருந்து வலது பின் துளைக்கும், வலது முன் துளையிலிருந்து இடது பின் துளைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்வேயோ டைமண்டோ இருக்கிறது. ஒத்துப்போனாலும் ஸாக்கும் ட்விஸ்ட்டும் ஒளிந்திருக்கலாம். அவை உயர அளவில்தான் பிடிபடும்.

இடது, வலது என்பது யார் பார்வையில்?

ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவர் பார்வையில். காருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது உங்களுக்கு இடப்பக்கம் இருப்பது காரின் வலது தண்டு. பிரிட்டிஷ் பட்டியல்களில் இதற்குப் பதிலாக நடைபாதைப் பக்கம் நியர்சைட், சாலை நடுப் பக்கம் ஆஃப்சைட் என்று வரும். அங்கே சாலையின் இடப்புறம் ஓட்டுவதால் நியர்சைட் என்றால் இடது. 'டிரைவர் பக்கம்' என்ற சொல்லை மட்டும் பாக ஆர்டரில் எழுதாதீர்கள். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.